ஹாங்கௌ தேயிலைக் கடன்: வழக்கை விசாரித்தது யார், ஆவணம் எங்கே?

கேள்வி: முதுகலை ஆய்வுக்காக 1884இல் ஹாங்கௌவில் எழுந்த ஒரு தகராறை எடுத்திருக்கிறேன். ஆங்கிலேய வியாபாரி தேயிலைக்குப் பணம் பாக்கி வைத்துவிட்டார் என்கிறார் சீனத் தரகர். சரக்கே மட்டம், நஷ்டஈடு எனக்குத்தான் வரவேண்டும் என்கிறார் வியாபாரி. ஷாங்காய் கலப்பு நீதிமன்றம் பற்றிய குறிப்புகளில் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. இதை யார், எந்தச் சட்டப்படி விசாரித்திருப்பார்கள்?

பதில்: நீங்கள் தேடிய இடமே வேறு. கலப்பு நீதிமன்றம் ஷாங்காயின் சர்வதேசக் குடியிருப்புக்குள் சீனர்கள் பிரதிவாதிகளாக இருந்த வழக்குகளுக்காக அமைந்தது. உங்கள் வழக்கு நடந்தது ஹாங்கௌவில், அதாவது இன்றைய வூஹானின் ஒரு பகுதியில். பிரதிவாதியோ ஆங்கிலேயர். ஆகவே இரண்டு வகையிலும் அது அங்கே போயிருக்காது.

இந்தக் காலத்து வழக்கு எதை எடுத்தாலும் முதலில் பிரதிவாதி எந்த நாட்டுப் பிரஜை என்று பாருங்கள். சம்பவம் நடந்த இடமோ வாதியின் நாடோ நீதிமன்றத்தைத் தீர்மானிக்கவில்லை. பிரிட்டனும் சீனாவும் செய்துகொண்ட 1858 தியன்ஜின் ஒப்பந்தத்தின் 15, 16, 17ஆம் பிரிவுகளில் இதற்கு அடித்தளம் இருக்கிறது. 17ஆம் பிரிவுப்படி, புகார் வந்தால் அவ்வூரிலுள்ள பிரிட்டிஷ் அரசுப் பிரதிநிதியான கான்சல் முதலில் சமரசம் செய்து பார்க்க வேண்டும். முடியாவிட்டால் சீன அதிகாரியுடன் சேர்ந்து தீர்க்க வேண்டும். இந்தச் ‘சேர்ந்து’ என்பதுதான் ஓயாத சண்டைக்குக் காரணம். 1876 செப்டம்பரில் பிரிட்டிஷ் தூதர் தாமஸ் வேடும் சீன அரசின் உயர் அதிகாரி லீ ஹோங்ஜாங்கும் கையெழுத்திட்ட சீஃபூ உடன்படிக்கை அதைத் தெளிவாக்கியது: பிரதிவாதியின் நாட்டு அதிகாரி தன் நாட்டுச் சட்டப்படி விசாரிப்பார், வாதியின் நாட்டு அதிகாரி உடனிருந்து கவனிப்பார், திருப்தி இல்லையென்றால் விவரமாக ஆட்சேபம் தெரிவிக்கலாம். அபினி வரி தொடர்பான இழுபறியால் பிரிட்டன் இந்த உடன்படிக்கையை 1885இல்தான் உறுதிசெய்தது. உங்கள் வழக்கு அதற்கு ஒரு வருடம் முந்தையது என்பதால், உடன்படிக்கையை மட்டும் மேற்கோள் காட்டி நிறுத்தாமல் 1858 ஒப்பந்தத்தையும் சேர்த்துக் காட்டுங்கள்.

ஆக, வழக்கை விசாரிக்க வேண்டியவர் ஹாங்கௌவின் பிரிட்டிஷ் கான்சல். அவருடைய நீதிமன்றத்துக்கு ஆவணங்களில் ‘மாகாண நீதிமன்றம்’ என்று பெயர். சீன மாகாண அரசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தப் பெயரால் பலர் தடுமாறுகிறார்கள். அதிகாரம் வந்தது 1865 பிரிட்டிஷ் அரசாணையிலிருந்து. அதே ஆணைதான் ஷாங்காயில் சீனாவுக்கும் ஜப்பானுக்குமான பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தையும் அமைத்தது. எட்மண்ட் ஹார்ன்பி அதன் முதல் நீதிபதி. உங்கள் வழக்குக் காலத்தில் தலைமை நீதிபதி ரிச்சர்ட் ரென்னி. கான்சல் ஆங்கிலச் சட்டத்தைத்தான் பிரயோகித்தார். பெரும்பாலும் அவர் வழக்கறிஞர் அல்ல, மொழிப் பயிற்சி பெற்று வந்த அரசு ஊழியர். அதனால் கனமான வழக்குகளில் அவ்வூர் பிரிட்டிஷ் குடியிருப்பாளர்கள் சிலரை அசெசர்களாக, அதாவது ஆலோசனை சொல்பவர்களாக, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். தீர்ப்பில் அவர்களுக்கு வாக்கு இல்லை. மாறுபட்டால் காரணத்தோடு பதிவு செய்யலாம். அந்தப் பதிவு கிடைத்தால் விடாதீர்கள், ஊர் வியாபாரிகள் வழக்கை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று அமைவது அரிது. கிரிமினல் வழக்குகளில் கான்சல் 12 மாதத்துக்கு மேல் சிறை விதிக்க முடியாது; அதைவிடப் பெரிய குற்றம் ஷாங்காய்க்குப் போகும்.

இனி உங்கள் வியாபாரியின் ‘சரக்கு மட்டம்’ வாதம். வழக்கின் உயிரே இங்கேதான் இருக்கிறது. தரகரின் பணக் கோரிக்கைக்கு எதிரான தற்காப்பாக அதை அவர் கான்சல் முன் சொல்லலாம். ஆனால் ‘தரகர்தான் எனக்குத் தர வேண்டும்’ என்று எதிர்க்கோரிக்கை வைத்து அவரிடமிருந்து பணம் வசூலிப்பது வேறு விஷயம். சீனர் பிரதிவாதி நிலைக்கு வந்தால் அவரை விசாரிக்க வேண்டியவர் சீன அதிகாரி. அதற்கு வியாபாரி கான்சல் வழியாக, அந்த வட்டாரத்தின் சீன அதிகாரியான தாவோதாயிடம் தனி வழக்குப் போட வேண்டும். ஒரே பேரம், இரண்டு நீதிமன்றம், இரண்டு சட்டம். இரண்டு தீர்ப்பும் ஒன்றையொன்று வெட்டினால் மேலே கேட்க ஆளில்லை. இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய அநீதி இதுதான் என்பது எங்கள் கருத்து. 1892இல் ஜப்பானியப் போர்க்கப்பல் சிஷிமாவும் பி. அண்ட் ஓ. என்ற பிரிட்டிஷ் கப்பல் நிறுவனத்தின் ரவென்னாவும் மோதிய வழக்கில் இதே சிக்கல் வந்தது. ஜப்பான் அரசுக்கு எதிரான எதிர்க்கோரிக்கையை யோகோஹாமா பிரிட்டிஷ் நீதிமன்றம் மறுத்தது, மேல்முறையீட்டில் ஷாங்காய் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, 1895இல் இறுதி மேல்முறையீட்டு அமைப்பான லண்டன் பிரிவி கவுன்சில் மறுபடி மறுத்துவிட்டது.

முடிவு எழுதுமுன் இரு தரப்பின் பிரஜாவுரிமையையும் உறுதி செய்துகொள்ளுங்கள். வணிக நிறுவனத்தில் ஓர் அமெரிக்கரோ ஜெர்மானியரோ பங்குதாரராக இருந்தால், பிரிட்டிஷ் கான்சலின் அதிகாரம் அவர்மேல் செல்லாது. அவரை அவர் நாட்டுக் கான்சலிடம்தான் இழுக்க வேண்டும். ‘சீனத் தரகர்’ சிங்கப்பூரிலோ பினாங்கிலோ பிறந்தவராக இருந்தால் அவரே பிரிட்டிஷ் பிரஜை என்று உரிமை கொண்டாடலாம். அப்படிப்பட்டவர்கள் பாதுகாப்புக் கேட்டால் சீன உடை அணியக் கூடாது என்று பிரிட்டிஷ் தூதர் ஆல்காக் 1868இல் விதி போட வேண்டியிருந்தது என்றால், குழப்பம் எவ்வளவு பரவலாக இருந்திருக்கும் என்று பாருங்கள். ஷாங்காயின் சீக்கியப் போலீஸ்காரர்கள் போன்ற இந்தியர்களும் பிரிட்டிஷ் பிரஜைகளாக இதே நீதிமன்றங்களுக்குக் கட்டுப்பட்டார்கள்.

ஆவணத் தேடலைப் பத்திரிகையிலிருந்து தொடங்குவது நல்லது. ஷாங்காயிலிருந்து வாரந்தோறும் வந்த ‘நார்த் சைனா ஹெரால்ட்’, 1870 முதல் தன் பெயரிலேயே ‘சுப்ரீம் கோர்ட் அண்ட் கான்சுலர் கெஜட்’ என்பதைச் சேர்த்துக்கொண்டது; வழக்கு விசாரணைகளை விரிவாக அச்சிட்டது. தேதி தெரிந்த பிறகு லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். எஃப்.ஓ. (பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகம்) 228 வரிசையில் கான்சல்கள் பீக்கிங் தூதரகத்துக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. தாவோதாயோடு உரசல் வந்திருந்தால் அங்கேதான் தெரியும். மேல்முறையீடு போயிருந்தால் ஷாங்காய் உச்ச நீதிமன்றத்தின் கடிதப் போக்குவரத்தான எஃப்.ஓ. 656 பயன்படும். வியாபாரி சீனாவிலேயே இறந்திருந்தால் உயில், சொத்துப் பதிவுகள் அடங்கிய எஃப்.ஓ. 917ஐயும் புரட்டுங்கள், தீராத கடன்கள் சில சமயம் அங்கே தலைகாட்டும்.

1904இல் வந்த புதிய அரசாணையை 1884 வழக்குக்குப் பொருத்திவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது 1865 ஆணையும் 1881இல் வந்த துணை ஆணையும். தொகையை எழுதும்போது எந்த டேல் (வெள்ளியை எடைபோட்டுக் கணக்கிட்ட பண அலகு) என்று கட்டாயம் பாருங்கள். சுங்கக் கணக்கின் ஹைக்வான் டேல் 100 என்றால் ஷாங்காய் டேலில் 111.40, ஹாங்கௌவுக்குத் தனி எடையும் உண்டு, மெக்சிகோ வெள்ளி டாலர் இன்னொரு கணக்கு. ஆவணத்தில் வெறுமனே ‘டேல்’ என்று மட்டும் இருந்தால், ரூபாய்க்கோ பவுனுக்கோ மாற்றாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.