மேசை வாள் வாங்குவதற்கு முன் வட்டுக்குப் பின்னால் பாருங்கள்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார். புத்தகத் தட்டு, சாமிப்படம் வைக்க ஒரு சின்ன அலுமாரி, பிள்ளைகளுக்குப் படிக்கும் மேசை எல்லாம் தன் கையாலேயே செய்ய ஆசையாம். சின்னதாக ஒரு மேசை வாள் (மேசைக்கு நடுவே பல் வட்டு நீட்டிக்கொண்டு சுழல, மரத்தைத் தள்ளி அறுக்கிற மின்வாள்) வாங்கலாமா, கனடாவில் இருக்கிற மச்சான் தன்னுடைய பழைய வாளை அனுப்புகிறேன் என்கிறார், அதை எடுக்கலாமா, இல்லாவிட்டால் வீட்டில் கிடக்கும், இரும்பு அறுக்கிற கைக் கிரைண்டரைப் பலகையில் கவிழ்த்துப் பூட்டினால் போதுமா என்பதுதான் கேள்வி.

கிரைண்டர் வேண்டவே வேண்டாம். சின்னக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடுகிற சாமான், அதில் பல்லுள்ள மர வட்டைப் பூட்டினால் பல் மரத்தில் கடித்த கணத்தில் என்ன நடக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. கையில் பிடித்து அறுக்கும் வட்ட வாளைக் கவிழ்த்துப் பூட்டுவதும் எனக்குச் சம்மதமில்லை, காரணம் பிறகு வருகிறது.

கனடா வாள் 120 வோல்ட். இங்கே 230. அப்படியே செருகினால் மோட்டார் எரிந்துவிடும். அது 15 அம்பியர், அதாவது 1,800 வாட் வரை இழுக்கும், தொடங்கும்போது இன்னும் கூட, ஆகவே 3,000 வாட் அளவில் ஒரு டிரான்ஸ்போமர் தேவை. அது பாரமும் விலையும். வட்டு பூட்டும் தண்டும் அங்கே 5/8 அங்குலம், 230 வோல்ட் வாள்களின் வட்டுகளுக்குத் துளை பெரும்பாலும் 30 அல்லது 25.4 மில்லிமீற்றர், அதை வாஷர் போட்டு ஒப்பேற்றக் கூடாது. மச்சானிடம் அன்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லண்டனிலிருந்து யாராவது தந்தால் எடுக்கலாம், ஆனால் மஞ்சள் பிளக் போட்டதென்றால் அது கட்டட வேலைக்கான 110 வோல்ட், அதுவும் சரிவராது.

சரி, புதிதாக எதை வாங்குவது? எல்லோரும் முதலில் வாட்டையும் வட்டின் அளவையும்தான் கேட்கிறார்கள். நீங்கள் செய்யப்போவது முக்கால், ஒரு அங்குலப் பலகை வேலை, 8¼ அங்குல வட்டே இரண்டரை அங்குலம் வரை அறுக்கும். நான் பார்க்கச் சொல்வது வட்டுக்குப் பின்னால் நிற்கும் தகட்டை, ரைவிங் நைஃப் என்பார்கள். வட்டு ஏறினால் ஏற வேண்டும், சரிந்தால் சரிய வேண்டும். அது இல்லாத வாள் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வட்டின் முன்பக்கப் பல் மரத்தை மேசையோடு அமுக்குகிறது, பின்பக்கப் பல்லோ மேலே ஏறி வருகிறது. அறுத்த மரம் மூடிக்கொண்டு அந்தப் பின்பல்லில் பட்டால் போதும், அது தூக்கி உங்கள் வயிற்றை நோக்கி எறியும், மரத்தைப் பிடித்திருந்த கையும் வட்டுப் பக்கம் இழுபடும். 10 அங்குல வட்டு 4,800 சுற்றில் ஓடும்போது விளிம்பின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 230 கிலோமீற்றர், கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. இந்தத் தகடு அறுத்த வாயை மூடவிடாது. வீட்டில் கவிழ்த்துப் பூட்டும் வாளில் பெரும்பாலும் இது இருப்பதில்லை, அதனால்தான் அதை மறுத்தேன். இன்னொன்று, தகடு பல் வெட்டும் அகலத்தைவிட மெல்லியதாகவும் வட்டின் உடம்பைவிடத் தடிப்பாகவும் இருக்க வேண்டும், வேறு வட்டு வாங்கும்போது இந்த எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஃபென்ஸ், மரத்தை ஒட்டித் தள்ளுகிற பக்கச் சட்டம். பிளக்கைக் கழற்றிவிட்டு ஒரு பல்லில் குறி போட்டு, அந்தப் பல் முன்னால் நிற்கும்போது சட்டத்துக்குள்ள தூரத்தையும் பின்னால் நிற்கும்போது உள்ள தூரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னால் குறைந்தால் மரம் நசிந்து எறியப்படும். பூட்டிய பின் கையால் தள்ளினால் ஆடுகிற சட்டம் என்றால் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வட்டு ஒன்றோடு தொடங்குவதென்றால் கார்பைட் முனை வைத்த 40 பல். ப்ளைவுட் ஓரம் சிதறாமல் வர 60 பல் நல்லது, நீளவாக்கில் கிழிக்க 24.

மின்சாரத்துக்கு 13 அம்பியர் சொக்கற், பழைய 5 அம்பியர் உருண்டை முள் போதாது. நீட்டு வயர் என்றால் தடித்ததை எடுத்து, சுருளை முழுக்க அவிழ்த்துப் பாவியுங்கள். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று ரெஸ்ட் (test) பட்டனை அமத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுக்கும்போது வட்டின் நேர்கோட்டில் நிற்காதீர்கள், சற்று இடப்பக்கம். பல் மரத்துக்கு மேலே கொஞ்சம் தெரிந்தால் போதும். விரலுக்குப் பதில் தள்ளுகட்டை. மரத்தைப் பக்கச் சட்டத்திலோ கோண அளவிலோ (குறுக்கே அறுக்கும்போது மரத்தைத் தாங்கித் தள்ளுகிற துணைச் சட்டம்) சாய்க்காமல் வெறுங்கையால் ஒருபோதும் தள்ள வேண்டாம், குறுக்கே அறுக்கும்போது அந்த இரண்டையும் சேர்த்தும் பிடிக்க வேண்டாம், துண்டு இடையில் சிக்கும். கையுறை போடக் கூடாது, வட்டு அதைப் பிடித்துக் கையோடு இழுக்கும். சாரம் கட்டிக்கொண்டும் நிற்காதீர்கள். கண்ணாடி, காது மூடி, நல்ல மாஸ்க் மூன்றும் வேண்டும், மரத்தூளைப் புற்றுநோய் தரும் பொருளாக 1995இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் வகைப்படுத்தியது. முதிரைத் தூள் சிலருக்குத் தோலிலும் கடியைக் கிளப்பும்.

நம் ஊர்க் கடற்காற்றுக்கு அலுமினிய மேசை தாங்கும், உள்ளே இருக்கிற இரும்புத் திருகும் பற்சக்கரமும் தாங்காது. எண்ணெய் பூசினால் தூள் ஒட்டிப் பசையாகிவிடும், மெழுகு பூசுங்கள். மாரி மழையில் நனைந்த பலகையைக் காய விடாமல் அறுக்கவே கூடாது, அறுக்கும்போதே வளைந்து வட்டை இறுக்கும். பழைய வீட்டு மரம், வள்ளத்துப் பலகை என்றால் ஆணி தேடிப் பிடுங்கிவிட்டு அறுங்கள்.

8க்கு 4 அடி ப்ளைவுட்டை முழுதாக இந்தச் சின்ன வாளில் ஏற்ற வேண்டாம், பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் வாளே கவிழும். மரக்காலையில் அல்லது தெரிந்த ஓடாவியிடம் கொடுத்து மூன்று நான்காகப் பிளந்து வாங்கி வாருங்கள், வீட்டில் அளவுக்கு அறுத்துக்கொள்ளலாம்.