மெயில் சர்வர்ல ஸ்பாம் செக் இழுக்குதா? கேளுங்க, சொல்றேன்

கே (சிம்மக்கல்): அண்ணே, எங்க கடை மெயில் சர்வர்ல ஒரு மெயில் உள்ள வரவே ரொம்ப நேரமாகுது. ராம் கூட ஏத்திப் பாத்தாச்சு, அப்படியேதான் இருக்கு.

ப: ராம்ல போட்ட காசு தண்டம் தம்பி. மெயில் வந்ததும், ஸ்பாமான்னு பாக்குற ஸ்பாம்அசாசின் சாஃப்ட்வேர், அனுப்புன மெஷினோட ஐபியையும் உள்ள இருக்குற லிங்க்கையும் ஒவ்வொரு ப்ளாக்லிஸ்ட்லயும் (ஸ்பாம் அடிக்கிறவங்க பட்டியல்) டிஎன்எஸ் வழியா, அதாவது நெட்ல பேரக் குடுத்தா ஐபி சொல்ற முறையில, கேக்கும், அதுல ஒரு லிஸ்ட் பதில் சொல்லாம கெடந்தா டைம்அவுட் ஆகுற வரைக்கும் மெயில் நிக்கும், சிபியு சும்மாதான் இருக்கும். அதே மெஷின்ல அன்பவுண்ட் போடுங்க, அது டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் தேடிக் குடுத்து ஞாபகமும் வச்சுக்குற ரிசால்வர்; டிஎன்எஸ்ஸ யார்கிட்ட கேக்கணும்னு சொல்ற ரிசால்வ் கான்ஃப் (resolv.conf) ஃபைல்ல 127.0.0.1 மட்டும் வைங்க, அதுதான் இதே மெஷின். அதே ஐபி கொஞ்ச நேரத்துல திரும்ப வந்தா கேள்வி வெளியவே போகாது.

கே: அதான் கூகுளோட பொது ரிசால்வர் 8.8.8.8 போட்ருக்கேனே, அதுவும் பழைய பதில ஞாபகம் வச்சுக்குற கேஷ் (cache) தானண்ணே?

ப: அங்கதான் வில்லங்கமே. ஊரே ஒரே ரேஷன் கார்டுல சாமான் வாங்குனா கடைக்காரன் அளவு முடிஞ்சுச்சுன்னுதான சொல்வான்? ப்ளாக்லிஸ்ட் நடத்துற ஸ்பாம்ஹாஸ் அந்த மாதிரி பொது ரிசால்வர்ல இருந்து வர்ற கேள்விக்கு 127.255.255.254னு அனுப்பும், "கேக்குற வழி தப்பு"ன்னு அர்த்தம். எந்தப் பதில் வந்தாலும் ஸ்பாம்னு எடுத்துக்குற மாதிரி மெயில் சர்வர் சாஃப்ட்வேர் போஸ்ட்ஃபிக்ஸ்ல எழுதி வச்சிருந்தா நல்ல மெயில் மொத்தமும் ரிஜெக்ட் ஆகிரும், பார்ட்டி போன் போட்டுத் திட்டுற வரைக்கும் நமக்குத் தெரியாது. அன்பவுண்ட்லயும், கேள்விய வேற ஒருத்தன்கிட்ட தள்ளிவிடுற ஃபார்வர்டு ஜோன்ல 8.8.8.8 எழுதிட்டா பழைய கதைதான். உபுண்டுல ரிசால்வ் கான்ஃப்ல 127.0.0.53ன்னு இருந்தா ஏமாந்துராதீங்க, அதுவும் மேல இருக்குறவன்கிட்ட கேட்டுத்தான் சொல்லும். போட்டு முடிச்சதும் 2.0.0.127ஐ ஸ்பாம்ஹாஸோட சென் லிஸ்ட் பேரோட சேத்து (2.0.0.127.zen.spamhaus.org) டிஎன்எஸ் கேட்டுப் பாக்குற டிக் (dig) கமாண்ட்ல அடிங்க, 127.0.0.2 வந்தா வழி சரி.

கே (மேலூர்): சார், அன்பவுண்ட்ல மினிமம் டிடிஎல்ல, அதாவது ஒரு பதில் கொறஞ்சது எவ்வளவு நேரம் கேஷ்ல இருக்கணுங்குறத, ஒரு நாளுன்னு வச்சா இன்னும் வேகமாகும்ல?

ப: வேணாம்மா. "லிஸ்ட்ல இல்ல"ங்குற பதிலும் கேஷ்ல உக்காரும், 1998லயே ஆர்எஃப்சி 2308ங்குற இன்டர்நெட் விதி ஆவணத்துல எழுதி வச்சது. காலைல சுத்தமா இருந்த ஐபி மதியம் ஸ்பாம் அடிச்சாலும் உங்க சர்வர் அந்தப் பழைய பதில நம்பி உள்ள விட்டுக்கிட்டே இருக்கும். டிடிஎல் லிஸ்ட்காரன் இஷ்டம், அதுல கை வைக்காதீங்க. அன்பவுண்ட்ல ப்ரீஃபெட்ச் மட்டும் ஆன் பண்ணுங்க, அடிக்கடி கேக்குறத காலாவதி ஆகுறதுக்கு முன்னாடியே அதுவே புதுப்பிச்சுக்கும்.

கே (உசிலம்பட்டி): இங்க கரண்ட் போய்ப் போய் வருதுண்ணே, கேஷ் அழிஞ்சிருமே?

ப: டிஎன்எஸ் கேஷ் போனா போகட்டும், மெயில் வர வர தானா நெறஞ்சிரும். ஸ்பாம்அசாசின் எது ஸ்பாம், எது நல்ல மெயில்னு கத்துக்கிட்ட பேய்ஸ் டேட்டாவ, மெமரில ஓடுற டேட்டாபேஸான ரெடிஸ்ல வச்சிருந்தீங்கன்னா மட்டும் டிஸ்க்ல சேவ் ஆகுதான்னு பாத்துக்கங்க, அது நீங்க சொல்லிக் குடுத்துப் பழக்குனது, திரும்ப மொதல்லேர்ந்து பழக்கணும்.