நடக்க நடக்க முழங்காலும் இடுப்பும் வலிக்கிறது, முழங்கால் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. கெய்ட் அனாலிசிஸ் (நடை ஆய்வு) செய்தால் காரணம் தெரியுமா? வீட்டிலேயே பார்க்க முடியுமா?

தெரிய வாய்ப்புண்டு, வீட்டிலேயே பாதி பார்த்துவிடலாம். ஆனால் நடையில் தெரியும் கோணல் வலிக்குக் காரணமாகவும் இருக்கலாம், வலியிலிருந்து தப்பிக்க உடம்பே செய்துகொண்ட ஏற்பாடாகவும் இருக்கலாம். வீடியோவில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் நடை ஆய்வின் வேலையே. டிரெட்மில்லில் இரண்டு நிமிடம் நடக்கவிட்டு, கலர் கலராக ஒரு ரிப்போர்ட்டும் கூடவே ஷூவுக்குள் வைக்க ஒரு இன்சோலும் தலையில் கட்டும் இடங்களில் அந்த வேலை மட்டும் நடப்பதில்லை.

வீடியோவுக்கு முன்னால் இரண்டு கேள்விகள். முதலாவது, 'இடுப்பு' என்று நீங்கள் சொல்வது எந்த இடம்? தமிழில் கீழ்முதுகும் இடுப்புதான், பிட்டத்தின் பக்கவாட்டும் இடுப்புதான், தொடை மூட்டும் இடுப்புதான். தொடை மூட்டில் கோளாறு என்றால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தெரியும். சிலருக்கு அங்கே தெரியாமல் முழங்காலில் மட்டும் வலிக்கும். முழங்காலைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்து 'ஒன்றுமில்லை' என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை வெளியே தள்ளித் தொடையை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். அப்போது முழங்கால் வலியோ இடுக்கு வலியோ கிளம்பினால் தொடை மூட்டைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது, வலி எப்படித் தேறுகிறது? நடக்க நடக்கக் கால் கனத்து, உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் தேறுகிறது என்றால் முதுகுத்தண்டில் நரம்புப் பாதை குறுகியிருக்கலாம். சும்மா நின்றாலே ஓரிரு நிமிடத்தில் கெண்டைக்கால் வலி விடுகிறது என்றால் கால் ரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடை வீடியோ எடுத்துப் பயனில்லை.

இதெல்லாம் இல்லையென்றால் போனை எடுங்கள். சாதாரண நடையில் நிமிடத்துக்குச் சுமார் 100 முதல் 120 எட்டு வைக்கிறோம், அதாவது ஒரு எட்டுக்கு அரை வினாடி. வெறும் கண்ணுக்கு அது பிடிபடாது. 1878இல் மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி ஓடும் குதிரையின் கால்களைப் பிடித்தாரே, அந்த வேலையை இன்று போனின் ஸ்லோ மோஷன் செய்துவிடும். வினாடிக்கு 120 பிரேம் போதும். போனைக் கையில் பிடிக்காமல் ஸ்டூலில் நிறுத்துங்கள், லென்ஸ் இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவிலான உயரத்தில் இருக்கட்டும். 8 முதல் 10 மீட்டர் நீளமுள்ள மொட்டை மாடியோ வெராண்டாவோ வேண்டும், ஹாலில் நாலு எட்டு வைத்துத் திரும்புவது கணக்கில் வராது. அரைக்கால் சட்டை போட்டு, இடுப்பெலும்பின் பின்பக்கம் இருபுறமும் குழி விழும் இடத்தில் சட்டைக்கு மேலாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு, குதிகாலின் பின்பக்க நடுவில் ஒன்று ஒட்டிக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து, முன்னாலிருந்து, இரண்டு பக்கவாட்டிலிருந்தும் எடுக்க வேண்டும். வெறுங்காலில் ஒரு முறை, தினமும் போடும் செருப்போடு ஒரு முறை. ரப்பர் செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்களால் இறுக்கிப் பிடித்து நடப்பவர்களுக்கு இரண்டு நடையும் வேறு வேறாக இருக்கும். முதல் இரண்டு நடையைத் தள்ளிவிடுங்கள், கேமராவுக்காக எல்லோரும் கொஞ்சம் 'நல்லபடியாக' நடப்போம். வலி வரும் அளவுக்கு நடந்துவிட்டு இன்னொரு முறை எடுத்தால்தான் உண்மை தெரியும்.

பார்க்கும்போது முதலில் காதைக் கொடுங்கள். சாதாரண வேகத்தில் ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். 'டப்… டப்' சீராக வராமல் 'டப்-டப்… டப்-டப்' என்று நொண்டினால், ஒரு காலில் குறைந்த நேரம்தான் நிற்கிறீர்கள். அது பெரும்பாலும் வலிக்கும் கால். அந்த நொண்டலைத் திருத்தப் போகாதீர்கள், அது காரணம் அல்ல, தப்பிக்கும் வழி.

பிறகு பின்பக்க வீடியோ. வலது காலில் மட்டும் நிற்கும் தருணத்தில் நிறுத்தி, இடுப்புப் பொட்டுகளைப் பாருங்கள். இடது பொட்டு கொஞ்சம் இறங்குவது இயல்பு. நன்றாகச் சரிந்தாலோ, சரியாமல் இருக்க உடம்பையே வலப்பக்கம் சாய்த்தாலோ, வலது பிட்டத்தின் பக்கவாட்டுத் தசை தன் வேலையைச் சரியாகச் செய்யாமல் இருக்கலாம். 1895இல் டிரெண்டலன்பெர்க் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் சொன்ன அடையாளம் இதுதான். ஒற்றைக் காலில் நிற்கும்போது அந்தத் தசை இழுக்கும் இழுப்பையும் சேர்த்து, தொடை மூட்டு உடல் எடையைப் போல இரண்டரை மூன்று மடங்கு சுமக்கிறது. மூட்டு வலித்தாலும் உடம்பு அந்தப் பக்கம் சாயும், சாய்ந்தால் தசை குறைவாக இழுத்தால் போதும் என்பதால்.

பக்கவாட்டு வீடியோவில், ஊன்றிய காலின் குதிகால் எப்போது எழுகிறது என்று பாருங்கள். மறுகால் தாண்டிப்போய் முன்னே வந்த பிறகே எழ வேண்டும். அதற்கு முன்பே எழுந்தால் கணுக்கால் இறுக்கமாக இருக்கலாம். சுவரோரமாகப் பாதத்தை வைத்து, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். கட்டைவிரலுக்கும் சுவருக்கும் எவ்வளவு தூரம் விட முடிகிறது? பலருக்கு 10 செ.மீ. ஒட்டி வரும். எண்ணைவிட, இரு கால்களுக்கும் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

செருப்பின் குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பெரும்பாலோருக்கு அப்படித்தான் தேயும்.

இனி பிரிக்கும் வேலை. ஒரே ஒரு மாற்றம் செய்து, அதே தூரம் நடந்து, வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதுங்கள். இடுப்பு சரிகிறது என்றால் வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் ஊன்றுகோல் (பலர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள், அதில் பலன் வெகுவாகக் குறைந்துவிடும்). கைப்பிடி மணிக்கட்டு ரேகை உயரத்துக்கு இருக்க வேண்டும். கணுக்கால் இறுக்கம் என்றால் இரண்டு ஷூவிலும் குதிகாலுக்கு அடியில் 5 மி.மீ. அட்டை. முழங்கால் என்றால் எட்டின் நீளத்தைச் சுருக்கி, சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் ஆப்பை வைத்து நிமிடத்துக்கான எட்டுகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டுங்கள், 110 இருந்தால் 116 முதல் 121. ஓடுபவர்களிடம் நன்கு சோதித்த உத்தி இது, நடையிலும் முயன்று பார்க்கலாம். எதைச் செய்தபோது மதிப்பெண் 2 குறைந்ததோ அங்கே வேலையை ஆரம்பியுங்கள். எதற்கும் அசையவில்லை என்றால் அந்தக் கோணலுக்கும் வலிக்கும் சம்பந்தம் குறைவு. இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எதனால் குறைந்தது என்றே தெரியாது.

பிட்டத் தசைக்கு: சுவரை ஒட்டி ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை நீட்டி, குதிகால் சுவரில் உரசியபடி உயர்த்துங்கள். 8 முதல் 12 முறை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். சுவர் எதற்கென்றால், அது இல்லாமல் செய்பவர்கள் உடம்பைப் பின்னால் சாய்த்து, விரல் வானம் பார்க்கத் தூக்கிவிடுவார்கள். அப்போது வேலை முன்தொடைக்குப் போய்விடும். கெண்டைக்கால் இறுக்கத்துக்குச் சுவரைக் கைகளால் தள்ளியபடி நின்று கெண்டைக்காலை நீட்டல், 30 வினாடி, 3 முறை, தினமும். நாள் முழுக்க நடையை நினைத்து நினைத்துத் திருத்தாதீர்கள், கழுத்தும் முதுகும் இறுகி வேறு வலி வரும். தினம் 10 நிமிடம் போதும்.

முன்பாதம் 'பட்' என்று தரையில் அறைந்தாலோ, கால் தொங்கினாலோ, உட்காரும் இடம் மரத்து சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ இந்தச் சோதனைகள் எதுவும் வேண்டாம், அன்றே மருத்துவமனை. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் வெறுங்கால் சோதனையைத் தவிர்த்து எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்போடு நடக்கட்டும்.

ஆறு முதல் எட்டு வாரம் கழித்து அதே தரையில், அதே உயரத்தில் போனை வைத்து மறுபடி எடுங்கள். வலி குறைந்திருந்து சாய்வு கொஞ்சம் மிச்சம் இருந்தால், அந்தச் சாய்வை அப்படியே விட்டுவிடலாம்.