மடிக்கணினியை ரீசெட் செய்யக் கடைக்கு எதற்குப் பணம்?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “என் மறைந்த கணவர் 2022இல் வாங்கிய விண்டோஸ் 11 மடிக்கணினி இப்போது மிக மந்தமாக இயங்குகிறது. கல்லூரியில் சேரவிருக்கும் பேத்திக்கு அதைக் கொடுக்க எண்ணி, வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுவர முடியுமா என்று கடையில் விசாரித்தேன். ஃபார்மட் செய்ய 800 ரூபாய், கோப்புகளை எடுத்து வைக்க 1,000 ரூபாய், புதிய விண்டோஸ் கீ வாங்க 2,500 ரூபாய் என்றார்கள். என் கணவர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோயில் வரலாற்றுக் கட்டுரைகளும் குடும்பப் படங்களும் அதில் உள்ளன. அவற்றை இழக்காமல் இந்த வேலையை நானே செய்துகொள்ள இயலுமா?”

இயலும். கடைக்காரர் சொன்ன மூன்று தொகைகளில் 2,500 ரூபாயை முதலில் அடித்துவிடுங்கள். விண்டோஸுடன் விற்கப்படும் மடிக்கணினிகளில் கீ எனப்படும் அதன் உரிமக் குறியீடு தாய்ப்பலகையில் உள்ள சில்லில் பதிந்தே வருகிறது. விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதல் இதுதான் நடைமுறை. கணினியைத் துடைத்துவிட்டு மீண்டும் நிறுவினாலும், இணையத்தில் இணைந்த சற்று நேரத்தில் அது தன் உரிமத்தைத் தானே கண்டுகொள்ளும். அப்படியிருக்க, கீ என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்: உங்களுக்கு ஏற்கெனவே சொந்தமான உரிமத்தையே உங்களுக்கு விற்கிறார், அல்லது திருட்டுப் பிரதி ஒன்றை ஏற்றி, அதை இயங்க வைக்க ஆக்டிவேட்டர் என்னும் கள்ளக் கருவியைப் பயன்படுத்துகிறார். அந்தக் கருவியை ஓட்டுவதற்கு முன் வைரஸ் தடுப்பை அணைத்துவிடுவார்கள். திருடன் வருகிறான், நாயைக் கட்டிப்போடு என்பதற்கு ஒப்பானது அது.

கோப்புகளை எடுத்து வைக்கக் கேட்ட 1,000 ரூபாய் வேறு வகையில் ஆபத்தானது. கடைக்காரர் உங்கள் கோப்புகளை முதலில் தம்முடைய வன்தட்டில் நகலெடுப்பார். வேலை முடிந்த பிறகு அங்கிருந்து அவை அழிக்கப்பட்டனவா என்பதை உங்களால் அறியவே முடியாது. ஆதார் நகல், பான் அட்டை, வங்கிக் கணக்கு அறிக்கை, பேத்தியின் சிறுவயதுப் படங்கள் ஆகிய எல்லாம் அந்த நகலில் அடக்கம். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் இப்படிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். டெஸ்க்டாப்பில் இருந்தவை பத்திரமாகத் திரும்பியிருந்தன; டி டிரைவ் என்று ஒன்று இருந்ததையே கடைக்காரர் பார்க்கவில்லை. பார்க்காமலேயே வன்தட்டின் பிரிவுகளை எல்லாம் அழித்திருந்தார்.

ஆகவே நகலெடுக்கும் வேலையை நீங்களே, அவசரப்படாமல், ஒரு பகல் பொழுதை ஒதுக்கிச் செய்யுங்கள். பில் தரும் கடையில், தெரிந்த நிறுவனத்தின் 1 டிபி கொள்ளளவுள்ள வெளி வன்தட்டு ஒன்றை வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்கு 2 டிபி என்று அச்சிட்டு விற்கப்படும் பென் டிரைவ்களைத் தொடவே தொடாதீர்கள். அவற்றுக்குள் இருப்பது பெரும்பாலும் மிகச் சிறிய நினைவகம்தான். கணினிக்குப் பொய்யான அளவைக் காட்டி, இடம் நிரம்பிய பிறகு எழுதப்படும் கோப்புகளைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். நகலெடுக்கும்போது எல்லாம் சரியாக நடப்பது போலவே தெரியும் என்பதுதான் இதில் உள்ள கொடுமை.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் ஆகிய கோப்புறைகளையும், டி டிரைவ் இருந்தால் அதை முழுவதுமாகவும் வெளி வன்தட்டுக்கு நகலெடுங்கள். அப்போது கோப்புகளின் பெயருக்கு அருகில் சிறிய மேகப் படம் தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால் அந்தக் கோப்பு உங்கள் கணினியில் இல்லை. மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்புச் சேவையான ஒன்டிரைவ் அதைத் தன் சர்வரில் வைத்துக்கொண்டு, இங்கே பெயரை மட்டும் காட்டுகிறது. கோப்புறையை வலது சொடுக்கு செய்து, எப்போதும் இந்தச் சாதனத்தில் வைத்திரு என்ற பொருளில் உள்ள கட்டளையைக் கொடுத்து, எல்லாம் இறங்கிய பின்னரே நகலெடுக்க வேண்டும். சொந்த வீட்டில் வைத்த பெட்டியை ஒருவர் முறையாகக் கேட்காமல் வேறிடத்துக்கு மாற்றி வைப்பதும், 5 ஜிபி இலவச இடம் நிரம்பியதும் பணம் கட்டு என்று நச்சரிப்பதும் எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நகல் முடிந்ததும் வன்தட்டை முறைப்படி வெளியேற்றி, வேறொரு கணினியில் செருகி, ஒவ்வொரு கோப்புறையிலும் நாலைந்து கோப்புகளையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

இனி உங்கள் கணவரின் கட்டுரைகளுக்கு வருகிறேன். பொதுவான வழிகாட்டிகள் இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாததால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பாமினி, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோடு என்னும் பொதுத் தரத்தில் அமைந்த எழுத்துரு அன்று. அதில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கோப்பில் உண்மையில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள், அவற்றுக்குத் தமிழ் வேடம் போடுவது எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், உங்கள் கணவர் ‘தமிழ்’ என்று அடித்த சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். விண்டோஸை மீண்டும் நிறுவும்போது, பின்னர் சேர்க்கப்பட்ட எழுத்துருக்களை நம்பி இருக்க முடியாது. கோப்பு பத்திரமாக இருந்தும் படிக்க முடியாமல் போவதைக் கண்டு, வைரஸ் தின்றுவிட்டது என்று எண்ணிக் கோப்பையே அழித்தவர்களை நான் அறிவேன்.

எனவே மூன்று வேலைகள் செய்யுங்கள். சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ஃபான்ட்ஸ் கோப்புறையைத் திறந்து, பாமினியையும் அவர் பயன்படுத்திய மற்றத் தமிழ் எழுத்துருக்களையும் வெளி வன்தட்டுக்கு நகலெடுங்கள். தலைப்புகளுக்கு மட்டும் வேறு எழுத்துருவைப் பயன்படுத்தும் பழக்கம் பலருக்கு இருந்தது என்பதால், வேர்டில் ஓரிரு கட்டுரைகளைத் திறந்து பெயர்களைக் குறித்துக்கொள்வது நல்லது. அடுத்து, ஒவ்வொரு கட்டுரையையும் இந்தக் கணினியிலேயே பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். எழுத்துரு அந்தக் கோப்புக்குள்ளேயே பொதிந்துவிடுவதால் எங்கே திறந்தாலும் தமிழாகத் தெரியும். கடைசியாக, நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற எழுத்துமாற்றிகளில் ஒன்றைக் கொண்டு கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றி, அதையும் தனியே வையுங்கள். மாற்றியதை அப்படியே நம்ப வேண்டாம். அடைப்புக்குறிகளும், கட்டுரைக்கு நடுவே வரும் ஆங்கிலச் சொற்களும் எண்களும் பிறழ்ந்திருக்கலாம். கல்வெட்டு ஆண்டுகளும் அளவுகளும் நிறைந்த கோயில் கட்டுரைகளில் இந்தப் பிழை சாதாரணமானதாக இருக்காது. மூல வேர்டு கோப்பை எந்தக் காரணத்துக்காகவும் அழித்துவிடாதீர்கள். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010இல். அதன் பிறகும் எத்தனை அலுவலகங்களும் அச்சகங்களும் பழைய எழுத்துருக்களிலேயே தட்டச்சு செய்து வந்தன என்பதை நினைத்தால், உங்கள் கணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

துடைப்பதற்கு முன் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். கணினியுடன் ஆபிஸ் மென்பொருள் வந்திருந்தால், அது முதலில் பதிவு செய்யப்பட்ட மைக்ரோசாஃப்ட் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். வேர்டில் ஃபைல், அக்கவுன்ட் என்ற இடத்தில் அந்த மின்னஞ்சல் முகவரி தெரியும். விற்ற கடைக்காரரே அவசரத்தில் ஏதோ ஒரு முகவரியை உருவாக்கிப் பதிவு செய்துவிட்டு, கடவுச்சொல்லைத் தராமல் அனுப்பிவிடுவது நம் ஊர்க் கடைகளில் வழக்கம். அப்படி இருந்தால் கடவுச்சொல்லை மீட்ட பிறகே அடுத்த அடி எடுத்து வையுங்கள். மற்றொன்று, வன்தட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புக் குறியீடு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த பல விண்டோஸ் 11 கணினிகளில் வன்தட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். இடையில் ஏதேனும் தடங்கல் நேர்ந்தால், கணினி 48 இலக்கங்களைக் கேட்டு நிற்கும். கணவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் உலாவி வழியே நுழைந்து, சாதனங்கள் பகுதியில் அந்த இலக்கங்களைக் கண்டுபிடித்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூட்டியதை உரிமையாளருக்கு உரக்கச் சொல்லாத பூட்டு இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இவ்வளவும் முடிந்தால் ரீசெட் என்பது சில சொடுக்குகள்தான். சார்ஜரைச் செருகி வைத்து, செட்டிங்ஸ், சிஸ்டம், ரிக்கவரி என்று சென்று, ‘ரீசெட் பிசி’ என்பதை அழுத்துங்கள். ‘கீப் மை ஃபைல்ஸ்’, ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்று இரண்டு வழிகள் வரும். முதலாவது உங்கள் கோப்புகளை விட்டுவைத்து மென்பொருள்களையும் அமைப்புகளையும் நீக்கும். ஆனால் அதைக் காப்புநகல் என்று எண்ணுவது தவறு. அதோடு, கணினி பேத்தியின் கைக்குப் போகிறது என்பதால் உங்களுக்கு உரியது இரண்டாவதே. அதன்பின் ‘கிளவுட் டவுன்லோட்’, ‘லோக்கல் ரீஇன்ஸ்டால்’ என்று கேட்கும். வீட்டில் தடையில்லாத இணையம் இருந்தால் முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். ஏறத்தாழ 4 ஜிபி இறங்கும், புதிய விண்டோஸ் கிடைக்கும். கைப்பேசி டேட்டாவை நம்பி இருப்பவர் என்றால், கணினியில் இருப்பதைக் கொண்டே நிறுவும் இரண்டாவதே போதும். உற்பத்தியாளர் திணித்து அனுப்பிய சோதனை மென்பொருள்கள் சில இதில் திரும்பி வராமல் போகலாம். அதற்காக யாரும் வருந்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்த திரையில், அமைப்புகளை மாற்றும் இணைப்பில் ‘கிளீன் டேட்டா’ என்று ஒன்று இருக்கும்; அழித்த கோப்புகளை எளிதில் மீட்க முடியாதபடி துடைப்பது அது. கணினியை வெளியாருக்கு விற்பவர் அதை இயக்கியே ஆக வேண்டும். பேத்திக்குத் தருவதால் உங்களுக்கு அது கட்டாயம் இல்லை. இயக்கினால் பல மணி நேரம் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது.

மந்தம் இதனால் தீருமா என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரீசெட் செய்வதற்கு முன்பே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து, டிஸ்க் என்பதன் கீழ் எச்டிடி என்று இருக்கிறதா எஸ்எஸ்டி என்று இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்டி என்பது சுழலும் பாகம் இல்லாத, வேகமான வகை. எச்டிடி என்றால், அது சுழலும் பழைய வகை வன்தட்டு. எத்தனை முறை துடைத்தாலும் சில வாரங்களில் மீண்டும் தவழும். அந்த நிலையில் கீ வாங்கக் கேட்ட 2,500 ரூபாயை, எஸ்எஸ்டி ஒன்றை மாற்றுவதற்கான செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாற்றச் சொல்லி, பழைய வன்தட்டைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.

ரீசெட் முடிந்ததும் எந்த நாடு என்று கேட்கும் முதல் திரை வரும். அங்கேயே நிறுத்தி, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். விண்டோஸின் ஹோம் பதிப்பு மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் அதற்கு மேல் நகர விடாது; அந்தக் கணக்கு உங்களுடையதாகவோ கணவருடையதாகவோ இல்லாமல் பேத்தியுடையதாக இருக்கட்டும். வேர்டுக்கு மட்டும் அவர் உங்கள் கணவரின் கணக்கில் நுழைய வேண்டியிருக்கும். வெளி வன்தட்டு பேத்தியோடு போக வேண்டாம். கும்பகோணத்தில் உங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும்.