கட்டிலைக் கழற்ற வேண்டாம், திருப்பிப் போடுங்கள்

கேள்வி: சின்னாளபட்டியில் இருக்கிறேன். வாரம் மூன்று நாள் காலை 11 மணிக்கு யூடியூப் லைவில் சுங்குடிச் சேலை விற்கிறேன். எங்கள் படுக்கையறைதான் கடை. அறை 10-க்கு 12 அடி. அதில் 5-க்கு 6.5 அடி தேக்குக் கட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. மேலே இலவம்பஞ்சு மெத்தை. சுவருக்குப் பிஸ்தா பச்சை அடித்திருக்கிறோம். லாஜிடெக் சி920 வெப்கேம் வாங்கியிருக்கிறேன். 'லைவ்ல பாத்த கலர் வேற, வந்த கலர் வேற' என்று பார்சல்கள் திரும்பி வருகின்றன. போதாததற்கு, 'பெட்ரூம்ல வச்சு விக்கிறாங்க' என்று கமெண்ட் வேறு. கட்டிலைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிடலாமா? இல்லை, எந்தப் பக்கம் போட்டு, என்ன விரிக்கலாம்?

பதில்: கழற்ற வேண்டாம், சகோதரி. உங்கள் அறையில் வியாபாரத்துக்கு மிகவும் உதவக்கூடிய பொருளே அந்தக் கட்டில்தான்.

பழைய ஜவுளிக்கடைகளை நினைத்துப் பாருங்கள். முழங்கால் உயரத்துக்கு ஒரு மர மேடை, அதன்மேல் கெட்டியாகத் தைத்த மெத்தை, மெத்தையை இழுத்து மூடிய வெள்ளைத் துணி. விற்பவர் அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். எதிரே ஜமக்காளத்தில் நம் குடும்பம். அவர் சேலையை உதறி வீசினால் முந்தி நம் மடியருகே வந்து விழும். அந்த மேடையும் உங்கள் கட்டிலும் உயரத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். அதைப் படுக்கை என்று காட்டிக்கொடுப்பவை தலையணை, போர்வை, கொசுவலை, தலைமாட்டுப் பலகை. இந்த நான்கும் படத்தில் தெரியாமல் செய்தால் மிச்சமிருப்பது ஜவுளிக்கடை மேடை. கமெண்ட் போடுகிறவர்களுக்கு வேறு பதில் தேவையில்லை.

இனி போடும் விதம். கட்டிலின் நீளப் பக்கம் கேமராவைப் பார்க்க வேண்டும். கால்மாடு கேமரா பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் எப்படி மூடினாலும் படுக்கையாகத்தான் தெரியும். 10 அடிச் சுவர் ஒன்றை ஒட்டி, அரை அடி இடைவெளி விட்டு, நீளவாக்கில் போடுங்கள். தலைமாடு ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். பலரும் தவறுவது இங்கேதான். தேக்குக் கட்டிலின் தலைமாட்டுப் பலகை மூன்று, மூன்றரை அடி நிற்கும். அது ஜன்னல் பக்கம் வந்தால் சேலைமேல் விழ வேண்டிய வெளிச்சத்தில் பாதியைத் தடுத்துவிடும். எதிர்ப்பக்கம் போட்டு, அதன்மேல் வெள்ளைத் துணி ஒன்றைத் தொங்கவிட்டால், ஜன்னல் வெளிச்சத்தை உங்கள் முகத்தின் மறுபக்கத்துக்கு அதுவே திருப்பிக் கொடுக்கும். இப்படித் திருப்பும்போது தலைமாடு வடக்கே போய்விட்டால் வீட்டுப் பெரியவர்கள் 'வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைக்காதே' என்பார்கள். இரவில் தலையணையைக் கால்மாட்டில் போட்டுக்கொள்ளுங்கள். கட்டிலைத் திரும்ப நகர்த்த வேண்டாம்.

கேமராவைக் கட்டில் விளிம்பிலிருந்து 3 அடி தள்ளி, தரையிலிருந்து 5 அடி உயரத்தில் நிறுத்துங்கள். கேமராவின் பார்வைக் கோணம் 78 டிகிரி என்று சொல்வது மூலைக்கு மூலை அளவு. பக்கவாட்டில் ஏறக்குறைய 70 டிகிரிதான் பார்க்கும். கணக்கு எளிது. கேமராவிலிருந்து எத்தனை அடி தூரமோ, அதைப்போல் 1.4 மடங்கு அகலம் படத்துக்குள் வரும். நீங்கள் கட்டிலில் மூன்றரை அடி உள்ளே தள்ளி உட்கார்ந்தால் கேமராவிலிருந்து ஆறரை அடி. அங்கே படத்தின் அகலம் 9 அடி. கட்டிலின் ஆறரை அடி நீளமும் உள்ளே வந்து, இரண்டு பக்கமும் ஒரு அடிக்குமேல் மிஞ்சும். முந்தியை முழுசாக விரிக்க அது போதும். ஆனால் பின்சுவர் எட்டரை அடியில் இருக்கிறது. அங்கே 12 அடி அகலம் தெரியும். உங்கள் அறையின் அகலமே 10 அடிதான். ஆகவே பின்சுவர் முழுக்கவும், பக்கச் சுவர்களில் கொஞ்சமும் படத்தில் விழும். காலண்டர், கொடியில் தொங்கும் துணி, மருந்து டப்பா எல்லாவற்றையும் கேமராவுக்குப் பின்னால் இருக்கும் மூன்றரை அடிக்குக் கொண்டுபோய்விடுங்கள். பீரோவும் அங்கேதான் போக வேண்டும். அதை நகர்த்த முடியாமல், அதில் கண்ணாடியும் பதித்திருந்தால், துணி போட்டு மூடுங்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட சாமி படத்திலும் அறையின் மறுபக்கம் தெரியும், பார்த்துக்கொள்ளுங்கள்.

5 அடி உயரம் ஏன்? கேமரா உங்கள் கண்மட்டத்தில் இருந்தால் முகம் நன்றாக வரும், விரித்த சேலை வெறும் கோடாகத் தெரியும். தலைக்கு மேலே ஏற்றினால் சேலை நன்றாக வரும், முகம் குனிந்துபோகும். கண்ணுக்கு ஒரு சாண் மேலே வைத்து லேசாகக் கீழே சாய்த்தால் உங்கள் முகமும் வரும், மடிக்கு முன்னால் இரண்டடிக்கு விரித்த துணியும் வரும். தலைக்கு மேல் நாலு விரல் இடம் தெரிந்தால் சாய்வு சரி.

விரிப்புக்கு வருகிறேன். ஜவுளிக்கடையில் வெள்ளை விரித்தார்கள், ஏனென்றால் பார்த்தது மனிதக் கண். கேமரா அப்படிப் பார்ப்பதில்லை. ஆட்டோவில் விட்டால் படம் முழுவதற்கும் சராசரி போட்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். பாதிப் படம் வெள்ளையாக இருந்தால் 'வெளிச்சம் அதிகம்' என்று எண்ணி மொத்தத்தையும் இருட்டாக்கும். உங்கள் முகமும் கருக்கும், அரக்குச் சேலை கறுப்பாகும். அடர்நிற விரிப்பு இதற்கு நேர் எதிர். 20 வருடமாக ஜவுளிக்கடைகளுக்குச் சேலைப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். ஆரம்ப நாட்களில் ஒரு கடைக்காரர் கேட்டார் என்று மெரூன் வெல்வெட் விரித்து, சந்தன நிறச் சேலைகள் 40 எடுத்தேன். கேமரா சிவப்பைச் சமன்செய்யப் போய் சந்தனம் முழுக்க நீலம் பாய்ந்த வெள்ளையானது. அந்த 40-ஐயும் திரும்ப எடுத்தேன். அன்றிலிருந்து வெளிர் சாம்பல் தவிர வேறு எதையும் விரிப்பதில்லை. ஈரோடு, சென்னிமலைப் பக்கத்து கைத்தறி விரிப்பில் பூப்போடாத, கரையில்லாத வெளிர் சாம்பல் கேளுங்கள். துவைத்து, ஒருமுறை நன்றாக இஸ்திரி போட்டு விரியுங்கள். புது விரிப்பின் மடிப்புக்கோடுகள் படத்தில் கட்டம் போட்டதுபோல் தெரியும்.

பூப்போட்ட விரிப்பு வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், உங்கள் சுங்குடிதான். நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி அவிழ்த்ததில் வந்த புள்ளிகள் அவை. மிகச் சிறியவை. லைவில் போகும் வீடியோ சுருக்கப்பட்டுத்தான் போகிறது. இணைய வேகம் தருகிற அளவு தகவலைப் படத்தின் எல்லா இடங்களுக்கும் பங்கு போடுவார்கள். நுணுக்கம் உள்ள இடத்துக்குப் பங்கு அதிகம். விரிப்பில் நூறு பூ இருந்தால் அந்தப் பங்கைப் பூக்கள் தின்றுவிடும், சேலையின் புள்ளிகள் குழைந்துபோகும். வெறும் சாம்பல் எதையும் கேட்காது. சீலிங் ஃபேனையும் இதே காரணத்துக்காக நிறுத்துங்கள். காற்றில் விரிப்பு ஓரமும் திரைச்சீலையும் அசைந்தால் ஒவ்வொரு நொடியும் படத்தைப் புதிதாக வரைய வேண்டியிருக்கும். இறக்கைக்கு மேலே விளக்கு இருந்தால் நிழல் வெட்டிவெட்டி விழும். டேபிள் ஃபேனைக் கேமராவுக்குப் பின்னால், குறைந்த வேகத்தில் வையுங்கள்.

இலவம்பஞ்சு மெத்தையில் உட்கார்ந்த இடம் குழியும். குழியிலிருந்து விரிப்பு சூரியக்கதிர் மாதிரி சுருக்கம் போடும். இதற்கு நான் கண்ட நல்ல வழி, மெத்தைமேல் பவானி ஜமக்காளம் ஒன்றை இரண்டாக மடித்துப் போடுவது. அதன் கெட்டி நெசவு குழியைத் தாங்கும். அதன்மேல் சாம்பல் விரிப்பை இழுத்து, நான்கு மூலைகளிலும் மெத்தைக்கு அடியில் செருகுங்கள். கேமரா பக்கம் மட்டும் விரிப்பு கட்டில் சட்டத்தை மறைத்துத் தரைவரை தொங்கட்டும். இரண்டு மணிநேரம் சம்மணம் போட்டு உட்கார முதுகுக்கும் அந்தக் கெட்டித்தனம் நல்லது.

நிறம் மாறுவதுதான் உங்களுக்குப் பணம் போகிற இடம். மூன்று காரணம் இருக்கும்.

முதலாவது உங்கள் பிஸ்தா பச்சைச் சுவர். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும்போது பச்சையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு வரும். வெள்ளை, சந்தனம், இளமஞ்சள் சேலைகளில் அது அப்பட்டமாகத் தெரியும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் முழுக்க வெள்ளைத் துணி தொங்கவிடுங்கள். முடிந்தால் அடுத்த பொங்கலுக்கு அந்த அறைக்கு மட்டும் வெள்ளை அடித்துவிடுங்கள். ஜன்னலில் நேர்வெயில் விழுந்தால் பழைய மெல்லிய வேட்டி ஒன்றைக் கட்டுங்கள், நீலம் போடாததாகப் பார்த்து.

இரண்டாவது கலப்பு வெளிச்சம். பகல் வெளிச்சத்தோடு மஞ்சள் பல்பும் எரிந்தால் சேலையின் ஒரு பாதி ஒரு நிறம், மறுபாதி வேறு நிறம். மஞ்சள் பல்பை அணையுங்கள். மேகம் மூடும் நாளுக்குத் துணை விளக்கு வேண்டுமென்றால் பகல் வெளிச்ச நிறத்தில், 'சிஆர்ஐ 90' அல்லது அதற்குமேல் என்று அச்சிட்ட எல்இடி வாங்குங்கள். விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்று போடும் மதிப்பெண் அது. சாதாரண எல்இடி ட்யூப்கள் பெரும்பாலும் 80-ஐ ஒட்டியவை. அவற்றின் குறை முதலில் தெரிவது சிவப்பில். குங்குமச் சிவப்பும் அரக்கும் செங்கல் நிறமாகச் செத்துப்போகும்.

மூன்றாவது கேமராவின் ஆட்டோ. நீங்கள் ஒவ்வொரு சேலையாக விரிக்க விரிக்க அது ஒவ்வொரு முறையும் நிறத்தைத் தானே 'திருத்தும்'. மாம்பழ மஞ்சளை விரித்தால் எல்லாம் நீலத்துக்கு இழுக்கும். லைவ் அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளிலோ கேமராவுக்கான மென்பொருளிலோ வொயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) இரண்டிலும் ஆட்டோவை எடுத்துவிடுங்கள். நீங்கள் உட்காரும் இடத்தில் வெள்ளைத்தாள் ஒன்றைப் பிடித்து, தாள் வெள்ளையாகத் தெரியும்வரை வொயிட் பேலன்ஸை நகர்த்தி அங்கேயே நிறுத்துங்கள். அதே மென்பொருளில் 'பவர் லைன்' என்று ஒரு தேர்வு இருக்கும். அது 60-இல் இருந்தால் 50 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மாறியிருந்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும்.

இதையெல்லாம் செய்தபிறகும் இரண்டு நிறங்கள் அடம்பிடிக்கும். வாடாமல்லி பல கேமராக்களில் நீலமாகச் சாயும். மயில்கழுத்து, பாவும் ஊடையும் வேறு வேறு நிறம் என்பதால், ஒவ்வொரு கோணத்திலும் ஒவ்வொன்றாகத் தெரியும். அதைப் படுக்கவைத்துக் காட்டாமல் கையில் தூக்கி மெதுவாகத் திருப்புங்கள். 'இந்தப் பக்கம் பச்சை, இந்தப் பக்கம் நீலம்' என்று வாயாலும் சொல்லுங்கள். மஞ்சள் வகைக்கு எலுமிச்சம்பழம் ஒன்றைக் கட்டிலில் வைத்துக்கொள்ளலாம். எலுமிச்சை என்ன நிறம் என்று பார்க்கிறவருக்குத் தெரியும். அவர் போன் திரை எப்படிக் காட்டினாலும், பக்கத்தில் இருக்கும் சேலை அதைவிட அடர்த்தியா வெளிர்ப்பா என்று அவரே கணித்துக்கொள்வார்.

சத்தத்துக்காகவும் அந்தக் கட்டில் வேண்டும். டைல்ஸ் தரையும் சிமென்ட் சுவரும் உள்ள காலி அறையில் பேசினால் குரல் கணகணக்கும். பஞ்சு மெத்தை அந்த எதிரொலியைக் குடித்துவிடுகிறது. கட்டிலைக் கழற்றியிருந்தால் அடுத்த வாரம் மைக் பற்றி எனக்கு எழுதியிருப்பீர்கள்.

லைவ் தொடங்குமுன் கட்டில்மேல் ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள். கட்டி வைத்த பார்சல் ஒன்று ஓரத்தில் கிடக்கும். வாங்கியவரின் முகவரியும் போன் நம்பரும் மேலே தெரியும். உங்களை நம்பிக் கொடுத்த விவரம் அது. பார்சல் அறைக்கு வெளியே இருக்கட்டும்.

நேரடியாக லைவில் சோதிக்காமல், ஒரு நாள் காலை 11 மணிக்கே ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். ஒரு அரக்கு, ஒரு சந்தனம், ஒரு வாடாமல்லி விரியுங்கள். அந்த மூன்று சேலைகளையும் போனையும் வாசல் நிழலுக்கு எடுத்துப்போய், பதிவையும் துணியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எந்தச் சேலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று குறித்து அனுப்பினால், வொயிட் பேலன்ஸை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று சொல்கிறேன்.