டாக்டரிடம் கேளுங்க: "நான் போயிட்டா உங்களுக்கு நிம்மதி"ங்கிறார் அப்பா

கேள்வி: அப்பாவுக்கு 57 வயசு, டெய்லர். ஸ்ட்ரோக் வந்து நாலு மாசமாச்சு, வலது கை இன்னும் வரல, பேச்சும் குழறுது. பிசியோதெரபிஸ்ட் வந்தா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறார். போன வாரம் பாஸ்புக், இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாத்தையும் என் கையில குடுத்து "நான் போயிட்டா உங்களுக்கு நிம்மதி"ன்னார். அம்மா அது வெறும் சலிப்புங்கிறாங்க. நேரா கேட்டா நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கேளுங்கம்மா, இன்னிக்கே கேளுங்க. கேக்குறதால அந்த எண்ணம் புதுசா வராது, ஏற்கனவே இருந்தா வெளிய சொல்ல ஒரு வழி கிடைக்கும். பேச்சு குழறுறதால "செத்துப் போயிடலாம்னு தோணுதாப்பா?"ன்னு சின்னதா கேட்டுட்டு, அவர் தலையாட்டுற வரைக்கும் பொறுமையா இருங்க. ஆமான்னா "ச்சீ, என்ன பேச்சு இது"ன்னு வாயை அடைச்சிடாதீங்க.

இது சலிப்பு இல்ல. ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு டிப்ரஷன் வருது, மூளையில பட்ட அடியும் ஒரு காரணம், தைச்சு சம்பாதிச்ச கையே போச்சேங்கிறதும் ஒரு காரணம். முதல் ரெண்டு வருஷம் ரொம்ப கவனமா இருக்கணும், அதுவும் வயசு கம்மியா இருந்து வேலையும் பேச்சும் போனவங்க விஷயத்துல. ஆனா செக்கப்புக்கு போனா பிபி பாப்பாங்க, சுகர் பாப்பாங்க, மனசு எப்படி இருக்குன்னு பல இடத்துல ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, எனக்கு இதுல ரொம்ப நாளா கோபம் உண்டு.

பேப்பரெல்லாம் ஒப்படைக்கிறார்ங்கிறதால தள்ளிப்போடாம மனநல டாக்டரைப் பாருங்க, மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலயே இருப்பாங்க. இப்ப சாப்பிடுற மாத்திரைச் சீட்டு எல்லாத்தையும் கொண்டுபோங்க, ரத்தம் உறையாம இருக்க குடுக்குற மாத்திரையோட சில டிப்ரஷன் மாத்திரை சேர்ந்தா ரத்தக்கசிவு ஆகலாம், அதை டாக்டர் பாத்துப்பார். மருந்து வேலை செய்ய சில வாரம் ஆகும், கேக்கலைன்னு பாதியில விட்டுடாதீங்க. அதுவரைக்கும் அவரைத் தனியா விடாதீங்க, மாத்திரை, பூச்சிமருந்து மாதிரி எதுவும் கைக்கு எட்டாம பூட்டி வெச்சு, அந்தந்த வேளை மாத்திரையை நீங்களே குடுங்க. எப்படி, எப்பன்னு முடிவு பண்ணிட்ட மாதிரி பேசினா விடியட்டும்னு காத்திருக்காம உடனே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்க. போலீஸ் கேஸ் ஆகுமேன்னு தயங்க வேணாம், 2017 மனநலச் சட்டம் தற்கொலை முயற்சியை உதவி தேவைப்படுற மன அழுத்தமாத்தான் பாக்குது.

அரசோட மனநல உதவி போன் நம்பர் டெலி மானஸ் 14416, ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. அப்பாதான் பேசணும்னு இல்ல, நீங்களும் பேசலாம், அம்மாவையும் பேசச் சொல்லுங்க.