செல்லுக்குள் சர்க்கரை ஏறி இறங்குவது ஏன்? கேள்வி பதில்

கும்பகோணம், உயிர்வேதியியல் மாணவி: சார், செல் சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கும் கிளைகாலிசிஸ் சீராக ஓடுவதுபோலத்தான் பாடப்புத்தகத்தில் படம் இருக்கிறது. அது ஏறி இறங்கும் அலைவு எங்கிருந்து வருகிறது?

படம் காட்டுவது சராசரியைத்தான் அம்மா. அலைவுக்கு முக்கியக் காரணம் பாஸ்ஃபோஃப்ரக்டோகைனேஸ் என்ற நொதி. அது வேலை செய்ய, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி வேண்டும். ஆனால் ஏடிபி மிகுந்தால் அதுவே அடங்கிவிடும். ஏடிபி குறைந்து, அது செலவானபின் மிஞ்சும் ஏஎம்பி கூடினால் மறுபடி விழித்துக்கொள்ளும். கடைமடையின் நீர்மட்டத்தைப் பார்த்துத் தலைமடையில் மதகைத் திறந்து மூடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மட்டம் ஏறிவிட்டது என்று மூடும்போது, வழியில் உள்ள தண்ணீர் இன்னும் வந்துகொண்டே இருக்கும். வறண்டபின் திறந்தால் போய்ச் சேரத் தாமதம். இந்தத் தாமதமும் ஏடிபியின் தடையும் சேர்ந்தால் ஏற்ற இறக்கம் தானாகப் பிறக்கும். முழு ஈஸ்ட் செல்லில் ஒரு சுற்றுக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். செல்லை உடைத்தெடுத்த சாற்றில் பல நிமிடங்கள். 1957-ல் டைசென்ஸ், அமேஸ் என்ற விஞ்ஞானிகள் ஈஸ்டின் ஒளிர்வில் இதைக் கண்டார்கள். 1964-ல் பிரிட்டன் சான்ஸ் என்ற விஞ்ஞானியின் குழு விரிவாகப் பதிவுசெய்தது.

மன்னார்குடி, பள்ளி ஆசிரியர்: முறை வைத்து விட்டால்தான் தண்ணீர் கடைமடை வரை ஏறிப் பாய்கிறது. செல்லும் மிச்சம் பிடிக்கத்தான் அலைகிறதா?

உவமை நல்லது சார். ஆனால் இரண்டு கணக்குகளைக் கலக்கக் கூடாது. ஒரு குளுக்கோஸ் நொதித்தலில் 2 ஏடிபி தரும். ஆக்சிஜனோடு முழுதாக எரிந்தால் சுமார் 30. இந்த எண்ணிக்கையை அலைவு தொடாது. அது தொடக்கூடியது வெப்பமாக வீணாகும் பங்கை. குளுக்கோஸ் ஆல்கஹாலாகும்போது மோலுக்குச் சுமார் 230 கிலோஜூல் கட்டற்ற ஆற்றல், அதாவது வேலைக்குப் பயன்படக்கூடிய ஆற்றல், வெளியாகிறது. செல்லுக்குள் ஒரு மோல் ஏடிபிக்கு ஏறத்தாழ 50 கிலோஜூல் என்று வைத்தால், 2 ஏடிபியில் பிடிபடுவது 100, மீதி வீண். 1981-ல் ரிக்டர், ராஸ் என்ற ஆய்வாளர்கள் ஒரு கணித மாதிரியில் காட்டியது இதுதான்: வினையின் ஓட்டமும் அதைத் தள்ளும் ஆற்றல் சரிவும் ஒரே நொடியில் உச்சத்தைத் தொடாமல் விலகி அலைந்தால், அந்த வீண் சற்றுக் குறையும். நினைவில் வையுங்கள், அது மாதிரி, லாபமும் சிறியது. செல் மிச்சம் பிடிப்பதற்காகவே அலைகிறது என்று வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். பின்னூட்டத்தின் பக்கவிளைவு என்பதே என் கருத்து.

திருத்துறைப்பூண்டி, விவசாயி: ஐயா, சம்பாப் பயிர் பத்து நாள் மூழ்கினால் அழுகிவிடுகிறது. சிஆர் 1009 சப்1 மட்டும் தாங்குகிறதே, அதுவும் இந்த அலைவால்தானா?

இல்லை ஐயா, அது சிக்கனம். தண்ணீருக்குள் ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். பயிர் நொதித்தலுக்கு மாறும். அப்போது அதே அளவு ஏடிபிக்குப் பதினைந்து மடங்கு சர்க்கரை வேண்டும். சாதாரண ரகம் காற்றைத் தேடித் தண்டை நீட்டி, இருந்த மாவுச்சத்தையும் தீர்த்துவிடும். தண்ணீர் வடிந்ததும் சாய்ந்துபோகும். ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ ரகத்திலிருந்து வந்த சப்1ஏ மரபணு அந்த நீட்சியை அடக்கிச் சேமிப்பைக் காக்கிறது. தாங்குவது ஏறத்தாழ இரண்டு வாரம்தான். கலங்கிய, சூடான தண்ணீர் என்றால் அதுகூட இல்லை. வடிந்த அன்றே யூரியா போடாதீர்கள். புது இலை விட்ட பிறகு போடுங்கள்.

நாகப்பட்டினம்: மனித உடலில் இப்படி அலைவு உண்டா?

உண்டு. கணையம் இன்சுலினைச் சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒரு துடிப்பாக விடுகிறது. ஒரே சீராக வருவதைவிடத் துடிப்பாக வருவதற்குக் கல்லீரல் நன்றாகப் பதில் தருகிறது.

தஞ்சாவூர், ஆராய்ச்சி மாணவர்: மூன்று முறை செய்தும் அலைவு வரவில்லை. அடுமனை ஈஸ்டில் குளுக்கோஸ் போட்டேன். ஒளிர்வு ஏறி அப்படியே நிற்கிறது.

பாக்கெட் ஈஸ்டை விடுங்கள் தம்பி, அது எந்த நிலையில் உலர்த்தப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. ஊடகத்தில் வளர்த்து, குளுக்கோஸ் தீரும் தறுவாயில் அறுவடை செய்யுங்கள். அந்த நேரம் தப்பினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. பிஹெச் 6.8 உள்ள 100 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்ஃபேட் கரைசலில் கழுவி, 30 டிகிரியில் குலுக்கிக்கொண்டே 2 முதல் 3 மணி நேரம் பட்டினி போடுங்கள். பிறகு அடர்த்தியான கலவையாக்கி 20 முதல் 30 மில்லிமோலார் குளுக்கோஸ், சில நிமிடம் கழித்து 4 முதல் 5 மில்லிமோலார் பொட்டாசியம் சயனைடு. 340 நானோமீட்டர் ஒளியால் தூண்டி, கிளைகாலிசிஸில் உருவாகும் என்ஏடிஹெச் மூலக்கூறின் ஒளிர்வை 460-ல் அளக்க வேண்டும். நொடிக்கு ஒரு புள்ளியாவது எடுங்கள். பத்து நொடிக்கு ஒன்று எடுத்தால் அலை இருந்தும் உருவம் சிதைந்துவிடும். செல் அடர்த்தி குறைந்தால், செல்களை ஒன்றுசேர்க்கும் அசிட்டால்டிஹைடு நீர்த்துப்போய் ஒவ்வொன்றும் தன் தாளத்தில் ஓடும். அப்போது மொத்த ஒளிர்வு தட்டையாகத் தெரியும்.

அதே மாணவர்: எங்கள் ஆய்வகத்தில் சயனைடுக்கு அனுமதி இல்லை.

அப்படியானால் அதைத் தொடவே தொடாதீர்கள். அமிலம் பட்டால் நச்சு வாயு கிளம்பும். சயனைடு இரண்டு வேலை செய்கிறது: சுவாசத்தை நிறுத்துகிறது, மிகையான அசிட்டால்டிஹைடைப் பிடித்துக்கொள்கிறது. முதல் வேலையை நைட்ரஜன் செய்யும். ஆனால் குமிழியாக விடாமல் திரவத்தின் மேற்பரப்பில் மட்டும் மெல்ல ஓட விடுங்கள். 20 டிகிரியிலேயே கொதிக்கும் அசிட்டால்டிஹைடு குமிழியோடு போய்விடும். இரண்டாவது வேலைக்கு ஆள் இல்லாததால் அலை சிறியதாகவும் சீக்கிரம் தணிவதாகவும் இருக்கும். முதல் ஐந்து நிமிடத்தைத் தவறவிடாமல் பதிவுசெய்யுங்கள்.